இறுக்கிப் பின்னிய சடை

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சாரல் தொடங்கிவிட்டது. கொடியில் போட்ட துணி காய்வதில்லை, உன் அப்பாவின் வாயும் ஓய்வதில்லை. உன் கல்யாணப் பேச்சைப் பேசியே தெருவில் பாதிப் பேரை விரட்டிவிட்டார். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மேலகரத்துப் பெண்ணைப் போய்ப் பார்த்தீர்களா என்று ஒரு வரி, லீவு ஆவணியில் கிடைக்கும் என்று ஒரு வரி, பிறகு, "பெண்ணுக்கு முடி எப்படி? அக்காவுக்கு இருந்த மாதிரி இருக்குமா?" என்று ஒரு வரி. பட்டாளத்துக்குப் போனபின் நீ இவ்வளவுதான் எழுதுகிறாய், அதற்கு நான் குறைப்படவில்லை. ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்த பாலை மறந்து நின்றுவிட்டேன். பால் பொங்கி அடுப்பே அணைந்துபோனது.

மூக்கு எப்படி, முழி எப்படி, முகம் கொடுத்துப் பேசுவாளா, இதெல்லாம் உனக்கு வேண்டாம். முடிதான் வேண்டுமாம். உன்னைச் சொல்லியும் குற்றமில்லை. பெண் அழகு என்றால் சடை என்று உன் கண்ணைப் பழக்கினவள் நான்தான். உன் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் எழுதிவிடலாம். அப்படி எழுதினால் நீ தப்பாக முடிவெடுப்பாய். அதனால் இந்தக் கடிதம் நீளும். உன் சிநேகிதர்கள் முன்னால் படிக்காமல் தனியாக ஓரிடத்தில் உட்கார்ந்து படி. இதில் இருப்பது உன் அக்கா கோமதியின் கதை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நீ பெட்டிக்குள் வைத்திருக்கிறாயே, கோமதி பூச்சடையோடு நிற்கிற போட்டோ, அதை எடுத்துப் பார். பாவாடை தாவணியில் பக்கவாட்டில் நிற்கிறாள். முதுகுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்குள் அவள் சடை தெரிகிறது. உச்சியிலிருந்து இடுப்புக்குக் கீழே வரைக்கும் மல்லிகை மொட்டும் தாழம்பூ மடலும் வைத்துத் தைத்த சடை. தென்காசியில் அந்த ஸ்டூடியோக்காரர் அதை மூன்று மாதம் தன் கண்ணாடிப் பெட்டியில் மாட்டி வைத்திருந்தார். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நான் வேண்டுமென்றே அந்தக் கடை வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அந்தப் போட்டோவில் அவள் சிரிக்கவில்லை என்பதை நீ கவனித்திருக்கமாட்டாய். நானும் கவனிக்கவில்லை. காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார வைத்து வாழைநாரும் ஊசியுமாகத் தைத்தோம். அந்தப் பூவின் கனம் முழுக்க அவள் நெற்றியோரத்து முடியில்தான் தொங்கியது. "எம்மா, கண்ணே திறக்க முடியல, தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்கு" என்று சொன்னாள். "போட்டோ எடுத்துட்டு வந்து சொல்லுட்டி" என்றேன். ராத்திரி சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள், படுத்தால் பூ நசுங்கிவிடும் என்று நான் படுக்க விடவில்லை. மறுநாள் ஊசிநூலைப் பிரித்தபோது நூலோடு முடியும் கொத்துக் கொத்தாக வந்தது. வந்தால் என்ன, இவளுக்குத்தான் காடாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

பூச்சடையாவது வருஷத்துக்கு ஒரு நாள். தினமும் நான் செய்ததுதான் பெரிய கொடுமை. பள்ளிக்கூடத்துக்கு ரெட்டைச்சடை. காய்ச்சிய தேங்காயெண்ணெயை வழிய வழியத் தடவி, நடு வகிடு எடுத்து, ஒரு முடி கூடப் பிசிறு தெரியாமல் சீப்பால் வழித்து, முழங்காலால் அவள் முதுகை முட்டுக் கொடுத்துக்கொண்டு இழுத்துப் பின்னுவேன். பின்னி முடித்தால் அவள் புருவம் இரண்டும் மேலே ஏறி நிற்கும். சடையை மடித்து ரிப்பன் வைத்துக் காதோரம் தூக்கிக் கட்டுவேன். "இழுக்காதம்மா, காதுக்கு மேல வலிக்கு" என்பாள். "வலிச்சாத்தான் வளரும், சும்மா இருட்டி" என்பேன். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. இறுக்கிக் கட்டினால் முடி நீளும் என்று நானாக நம்பினேன். கொடியைப் பந்தலில் இழுத்துக் கட்டினால் நீண்டு போகிறதே, அதுபோல என்று நினைத்தேன் போலிருக்கிறது. முடி கொடியில்லை. அதற்கு வேர் ஒரு கடுகளவுகூட இல்லை. தினமும் பிடித்து இழுத்தால் அது எத்தனை காலம்தான் தாங்கும்?

சாரல் மாதங்களில் இன்னும் மோசம். உனக்கு நினைவிருக்கும், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டி கட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போய்விடுவோம். பெண்கள் பக்கத்தில் கோமதி தலையை அவிழ்த்துக்கொண்டு அருவிக்குள் நுழைந்தால் குளிக்கிற பொம்பளைகள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். கண் பட்டுவிடும் என்று நான் அவசர அவசரமாக வெளியே இழுத்து, துண்டால் தலையைத் தட்டி, தண்ணீர் சொட்டச் சொட்ட அங்கேயே சடை போட்டுவிடுவேன். கல்யாணமாகாத பெண் தலைவிரி கோலமாக ஊருக்குள் வரலாமா என்பது என் நியாயம். ஒருமுறை செங்கோட்டைப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, தன் மகள்கள் தலையில் காதோரத்து முடியை மட்டும் எடுத்து மெல்லிசாக ஒரு பின்னல் போட்டு, மிச்சத்தை முதுகில் காயவிட்டபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பொறுக்கமாட்டாமல், "ஈரத்தோட இப்பிடிக் கெட்டண்டாம், முடி பொட்டிப் போவும்" என்றாள். ஈரத்தோடு கட்டினால் முடி அறுந்துபோகுமாம். நான் கோமதியின் காதில், "தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு நமக்கு யோசனை சொல்ல வந்துட்டா பாரு" என்று சொல்லிச் சிரித்தேன். கோமதி சிரிக்காமல், முதுகில் முடியைக் காயவிட்டு அருவிக்கரையில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது எனக்கே தெரிந்தது. காதுக்கு மேலே நெற்றியோரத்தில் இரண்டு பக்கமும் முடி பின்வாங்கியிருந்தது. சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள் வேறு. தினமும் ஒரே இடத்தில் எடுத்த வகிடு வாய்க்கால் மாதிரி அகன்றிருந்தது. சடையின் நுனி எலிவாலாகப் போயிற்று. சீப்பில் வந்த முடியை நான் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். தானாக உதிர்ந்த முடி முழு நீளத்துக்கு வரும். இவள் சீப்பில் வந்ததெல்லாம் பாதியில் அறுந்த துண்டுகள். அதாவது மேலே வளர்ந்துகொண்டுதான் இருந்தது. வளர்ந்த அளவுக்குக் கீழே அறுந்துகொண்டும் இருந்தது. வளரவில்லை, வளரவில்லை என்று நான் இன்னும் இறுக்கிப் பின்னினேன்.

இப்போது சொல்லப்போவதுதான் என்னால் மறக்க முடியாதது. அந்த வருஷம் சித்திரையில் அவளுக்கு அம்மை போட்டது. உன்னைப் பெரியப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தோம். அம்மை கண்ட தலையில் சீப்பு வைக்கக்கூடாது, எண்ணெய் கூடாது, பின்னக்கூடாது. தண்ணீர் ஊற்றியபிறகும் உடம்பு தேறட்டும் என்று தலையைத் தொடாமல் விட்டிருந்தேன். பள்ளிக்கூடமும் லீவு. வைகாசி நடுவில் ஒரு நாள் வெயிலில் அவளை உட்கார வைத்துச் சீப்பை எடுத்தேன். காதுக்கு மேலே, முடி போன அந்த இடத்தில், இரண்டு பக்கமும் பூனை முடி முளைத்திருந்தது. கறுப்பாக, மெத்தென்று, காற்றில் ஆடிக்கொண்டு. கோமதி கையால் தடவிப் பார்த்து, "எம்மா, இங்கன முளைக்கும்மா!" என்று எழுந்து கண்ணாடிக்கு ஓடினாள். எவ்வளவு சந்தோஷம் அந்தப் பிள்ளைக்கு. நான் என்ன செய்தேன் தெரியுமா? பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, இதென்ன முகத்தில் பிசிறு பிசிறாக என்று சொல்லி, எண்ணெயை வைத்து அந்தப் பொடி முடியையும் சேர்த்து வழித்து, பழையபடி இழுத்துக் கட்டினேன். எனக்குக் கண் இருந்தது, முளைத்ததையும் பார்த்தேன். என்ன செய்தால் முளைக்கிறது என்று சாமியே வந்து காட்டின மாதிரி இருந்தது அது. எனக்குத்தான் புத்தி வரவில்லை. அதன்பிறகு அந்த இடத்தில் முளைக்கவேயில்லை.

பிறகு சவுரி. அவள் சின்ன வயசிலிருந்தே சீப்பில் வந்த முடியை எல்லாம் நான் துணிப்பையில் சேர்த்து வைத்திருந்தேன். அதைக் கொடுத்து ஒரு சவுரி கட்டி வாங்கினேன். "பொய் முடி வேண்டாம்மா" என்று அழுதாள். "எல்லாம் உன் தலையில இருந்து வந்ததுதானட்டி, இதுல என்ன பொய் இருக்கு" என்று வாயடைத்தேன். அந்தச் சவுரியின் கனமும் சேர்ந்து மிச்சமிருந்ததையும் இழுத்தது.

நீ பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்து படித்த வருஷம், சிவகிரியிலிருந்து கோமதியைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம். பையனுக்குப் போலீசில் வேலை. அவர்களிடம் எங்கள் பெண்ணுக்கு முழங்கால் வரைக்கும் முடி என்று தரகர் சொல்லியிருந்தார், அந்தப் போட்டோவையும் காட்டியிருந்தார். நான் மறுத்துச் சொல்லவில்லை. எல்லோரும் சுசியம் தின்று காபி குடித்தார்கள். பையனுடைய அத்தை எழுந்து வந்து, கோமதியின் பின்னால் நின்று, பூவைப் பார்க்கிற மாதிரி சடையைத் தொட்டாள். பெண் பார்க்கப் போகிற பொம்பளைகள் எல்லோரும் செய்கிற காரியம்தான், நானும் போன இடத்தில் செய்திருக்கிறேன். அவள் கொஞ்சம் இழுத்துப் பார்த்தாள். சவுரி கையோடு வந்துவிட்டது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வெற்றிலைத் தாம்பாளத்தின் ஓரத்தில் அதை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். பத்துப்பதினைந்து பேர் நடுவில், நான் பெற்ற பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கழுத்தில் எலிவால் மாதிரி அவள் முடி மட்டும் கிடந்தது. வந்தவர்கள் போனபிறகு உன் அப்பா, "அவ தலைய இனிமே தொடாத" என்று மட்டும் சொன்னார்.  கோமதி அந்தச் சவுரியை எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் போட்டாள்.

அன்றிலிருந்து அவள் தலையில் என் கையை வைக்க விட்டதில்லை. புளியங்குடியில் எலுமிச்சங்காய் மண்டி வைத்திருக்கிற உன் அத்தான், முடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அவளைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்தன்று விடியற்காலையில் நான் சீப்பும் எண்ணெயுமாகப் போய் நின்றேன். கோமதி கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நீ போம்மா, சித்தி பின்னுவா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மகள் கல்யாணத்தில் அவள் தலைக்குப் பூ வைக்காத தாய் நான். வந்தவர்களிடம், சமையல்கட்டில் வேலை அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

புளியங்குடிக்குப் போய் ஒரு மாதத்தில் நுனியை ஒட்ட வெட்டிவிட்டாள். தாலி கட்டின பெண் முடியை வெட்டலாமா என்று நான் கத்தினேன். காதில் வாங்கவில்லை. தலைக்கு ஊற்றினால் முழுக்கக் காயவிட்டுத்தான் கட்டுகிறாள். தளர ஒரு பின்னல், இல்லாவிட்டால் ஒரு கோடாலிக் கொண்டை. வகிட்டை இடம் மாற்றி மாற்றி எடுக்கிறாள். பெரிய பூப்பந்தெல்லாம் கிடையாது, ஒரு கண்ணி பிச்சிப்பூ வைத்தால் உண்டு. இப்போது பின்னால் இடுப்பு வரைக்கும் முடி வந்திருக்கிறது. பிடித்து இழுக்காமலே, வலிக்காமலே வந்தது. முன்பக்கம் மட்டும் வரவில்லை. காதுக்கு மேலே அந்த இரண்டு இடமும் வழவழவென்று அப்படியே இருக்கிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் காற்றடித்தால் கை தானாக அங்கே போகும். முடியை இழுத்து மூடிக்கொள்வாள். தென்காசியில் காற்றுக்கா பஞ்சம்? அவள் வந்து போகிற நாளெல்லாம் நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மேலகரத்துக்குப் போனோம். நான், உன் அப்பா, உன் அத்தை, புளியங்குடியிலிருந்து கோமதி. பெண் பெயர் செண்பகம். வந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். முழங்கால் வரை தொங்கும் சடை, உச்சி நிறையப் பூ. உன் அத்தை என் இடுப்பில் இடித்து, "மதினி, சடையத் தொட்டுப் பாருங்க" என்றாள். உன் அத்தையை உனக்குத் தெரியும், அவளுக்கு ஒரு குறை கிடைத்தால் சம்பந்தத்தையே கலைத்துவிட்டுத்தான் மறுவேலை. நான் எழுந்து பெண்ணின் பின்னால் போனேன். அடுக்களை வாசலில் அவள் அம்மா நின்றுகொண்டிருந்தாள். முந்தானை நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். அந்த முகத்தை நான் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. சிவகிரிக்காரர்கள் வந்த அன்றைக்கு என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

தொட்டதும் தெரிந்துவிட்டது. பாதிக்குமேல் சவுரி. காதுக்கு மேலே அதே பொரி, அதே வழுவழுப்பு. கோமதிக்குப் போன அளவு போகவில்லை, தொடக்கம்தான். புருவம் இரண்டும் ஏறி நின்றன. என் கை பட்டதும் அந்தப் பிள்ளையின் கழுத்து விறைத்துக்கொண்டது. பூவைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, "வலிக்குதாட்டி?" என்று கேட்டேன். அவள் திடுக்கிட்டாள். பிறகு யாருக்கும் தெரியாமல் ஆமென்று தலையை ஆட்டினாள். பிடரியில் சவுரி முடிச்சைக் கீழே விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மேலே முதல் பின்னலை இரண்டு விரலால் தளர்த்திவிட்டேன். அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"என்ன மதினி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய?" என்றாள் உன் அத்தை.

"என்னத்தச் சொல்ல? நல்ல முடி. பிள்ளையும் நல்ல பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கோமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாதா என்ன? வாசலில் நுழைந்ததுமே அவள் கண்டுபிடித்திருப்பாள்.

ஆக, ஐயா, பெண்ணுக்கு முடி அவ்வளவு நீளமில்லை. உன் அக்காவுக்குப் போட்டோவில் இருந்த மாதிரி இல்லை, உன் அக்காவுக்கே அப்படி இல்லை. உன் அப்பாவுக்கும் அத்தைக்கும் இது தெரியாது. உனக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் கட்டிக்கொள்ளப் போகிறவன் நீ. உனக்குத் தெரியாமல் ஒன்றைத் தலையில் கட்ட எனக்கு மனசில்லை. வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்றே எழுது. ஆனால் காரணம் முடி என்று மட்டும் எழுதிவிடாதே. லீவு கிடைக்கவில்லை என்று எழுது, இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்று எழுது. முடி என்று நீ எழுதினால் உன் அப்பா அதைச் சத்தமாகப் படிப்பார், அத்தை அதை மேலகரம் வரைக்கும் கொண்டுபோவாள், அங்கே ஒரு பிள்ளை தலைகுனிந்து நிற்கும். நான் அதை ஒருமுறை பார்த்துவிட்டேன், இன்னொருமுறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. சரி என்று எழுதினால், வந்ததும் அவளிடம் நீயே சொல், எனக்குச் சவுரி பிடிக்காது, அவிழ்த்துப் போடு என்று. உனக்குப் பிடிக்கும் என்பதற்காக அவள் எதையும் வலித்துக்கொண்டு சுமக்கக்கூடாது. கொஞ்ச நாள் தலையை அதன் போக்கில் விட்டால் அவளுக்கு அந்த ஓரத்தில் முளைக்கும். நான் பார்த்திருக்கிறேன், முளைக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கோமதி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. அவள் கை நெற்றியோரத்துக்குப் போனது, பாதி வழியில் நின்று மடிக்கே திரும்பி வந்தது. என்னைப் பார்க்காமலே, "அந்தச் சிவகிரிப் பொம்பள அன்னைக்கு இப்பிடி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்றாள்.  எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் அத்தை பார்த்துவிடுவாளே என்று முந்தானையால் மூக்கைச் சிந்தினேன். இறங்குகிற இடம் வந்தபோது கோமதி எழுந்து நின்றுகொண்டு சொன்னாள்: "தம்பி சரின்னு எழுதுனா, கல்யாணத்துக்கு அந்தப் பிள்ளைக்கு நான்தான் தலை பின்னுவேன். நீ சீப்பத் தொடக்கூடாது. பக்கத்துல உக்காந்து பூவ எடுத்துக் குடு, போதும்."

அதற்காக நீ சரி என்று எழுத வேண்டாம், உன் மனசு என்ன சொல்கிறதோ அதை எழுது. நான் பூக்காரியிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா